கற்சிலைமடுக் கல்லடியிலிருந்து ஒரு மடல்

சிவிலைசேஷன் என்ற கணினி ஆட்டத்தைச் செய்யும் குழுவினருக்கு,

வணக்கம். இதைத் தமிழிலேயே எழுதுகிறேன். ஏழாம் பாகத்தில் சோழரைச் சேர்த்தபோது தமிழ் தெரிந்த ஒருவரையாவது பிடித்திருப்பீர்கள். அவரிடம் கொடுத்து வாசித்துக்கொள்ளுங்கள்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட இருக்கிறவன். முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணீரில் மூன்று ஏக்கர் வயல். மாரியில் காலபோகம், குளத்தில் தண்ணீர் மிஞ்சினால் சிறுபோகம். கதிர் முற்றுகிற நாட்களில் இரவுப் படுக்கை வயலில்தான், யானை வரும். காவல் கொட்டிலில் கண் அயராமல் இருக்க ஆளுக்கொரு வழி உண்டு. சிலருக்கு வானொலி, சிலருக்குச் சீட்டு, எனக்கு, அரசனாகி முறைக்கு முறை ஊர் கட்டி நாடு பிடிக்கிற உங்கள் ஆட்டத்தின் ஆறாம் பாகம். அக்காவின் மகன் தன் பழைய லப்டொப்பில் போட்டுத் தந்தான். இன்னும் ஒரு முறை, இன்னும் ஒரே ஒரு முறை என்று சொல்லிச் சொல்லியே பல நாள் விடிந்திருக்கிறது. உங்கள் ஆட்டத்தில் யானைத் தந்தம் ஆடம்பரப் பொருள், கிடைத்தால் நகரத்துச் சனம் சந்தோஷப்படும். எங்கள் வரம்பில் யானை வந்து நின்றால் எந்தச் சனம் சந்தோஷப்படும் என்று ஒருநாள் வந்து பாருங்கள்.

ஏழாம் பாகம் 2025 பெப்ரவரி 11 அன்று வந்தது. இங்கே அறுவடை நேரம். அந்த ஆட்டத்தை இழுக்கிற கணினியும் என்னிடம் இல்லை. அதனால் மற்றவர்கள் ஆடுவதைக் கைபேசியில் பார்ப்பதும், இனி எந்தத் தலைவர் வருவார், அவருக்கு என்ன தனித்திறன் கொடுப்பீர்கள் என்று அந்த மருமகனோடு ஊகிப்பதுமே என் ஆட்டம். அவனுடைய கணக்குக் கொப்பியின் பின்பக்கம் முழுவதும் அரசர் பெயர்களும் கூட்டல் குறிகளும்தான். ஆசிரியர் பார்த்தால் என்னைத்தான் கூப்பிடுவார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சோழருக்கு நீங்கள் கொடுத்தவை வெறும் வாளும் தேரும் அல்ல. அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்று வணிகக் குழுக்களின் பெயரில் கட்டடங்கள், இரண்டையும் ஒரே கட்டத்தில் கட்டினால் ஐந்நூற்றுவர் பேட்டை. தஞ்சைப் பெரிய கோயிலை உலக அதிசயமாகவும் வைத்தீர்கள். இதையெல்லாம் தேடிப் பிடித்தவர் யாரோ, அவருக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பலாம். வன்னியின் தென்விளிம்பில் பதவியாக் குளத்தடியிலும் இரவிகுலமாணிக்க ஈச்சுரம் என்று சோழர் காலக் கோயில் இருந்தது. மன்னார்ப் பக்கம் மாதோட்டத்தை இராசராசபுரம் என்று பெயர் மாற்றி, தாழிகுமரன் என்ற அதிகாரி அங்கே இராசராச ஈச்சுரம் கட்டினான், கல்வெட்டு இருக்கிறது. ஆகவே சோழர் எங்களுக்குத் தூரத்து ஆட்கள் இல்லை.

ஆனால் ஆட்டம் வெளிவந்த அன்று பட்டியலில் சோழ அரசன் ஒருவனும் இல்லை. தலைவர் வேறு, மக்கள் வேறு என்று நீங்கள் பிரித்துவிட்டதால் நெப்போலியன் சோழரை ஆளலாம். ஆளட்டும், அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. இனிமேல் ஒருவரைச் சேர்த்தால் அது இராசேந்திரன்தான் என்று ஊகிக்க மூளை வேண்டாம். 1025, கடாரம், கப்பல்கள். கடற்படைக்கு இத்தனை பலம் கூடும், தொலைதூரத் துறைமுகத்தைப் பிடித்தால் இத்தனை பொன் வரும் என்று மருமகனே எழுதி வைத்திருக்கிறான். ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் என்ற வேறொரு ஆட்டத்தின் இரண்டாம் பாகத்துக்கு 2022இல் வந்த இந்திய அரசுகள் தொகுப்பில் இதைச் செய்தும் விட்டார்கள். இராசேந்திரன் பெயரில் ஒரு படையெடுப்புக் கதை, உருமி வாள்காரர், திரிசடை என்று ஒரு கப்பல்.

எனக்கு வேறொரு திறன் தோன்றுகிறது. இராசேந்திரன் வடக்கே படை அனுப்பியபோது கொண்டுவரச் சொன்னது கங்கைத் தண்ணீர். அதைக் கங்கைகொண்டசோழபுரத்துக்குப் பக்கத்தில் வெட்டிய பேரேரியில் ஊற்றினான். சோழகங்கம் என்று அதற்குப் பெயர். தண்ணீரால் ஆன வெற்றித்தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு அதைச் சொல்கிறது. மற்ற அரசர்கள் வென்ற இடத்தில் கல்லை நட்டார்கள், இவன் வென்ற கையோடு வந்து தன் ஊரில் குளம் வெட்டினான். அப்படியானால் திறன் இப்படி இருக்கலாம்: ஒவ்வொரு போர் வெற்றிக்கும் சொந்த நிலத்தில் ஒரு கட்டம் ஏரியாகும், அதைச் சுற்றிய வயல்களுக்கு விளைச்சல் கூடும். புதிதாக நகரம் ஒன்றும் கைக்கு வராது. ஆடுபவர்களுக்குச் சப்பென்று இருக்குமோ என்னவோ. குளத்துத் தண்ணீரில் கஞ்சி குடிக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய திறன் தெரியாது.

சரி, நான் எழுத வந்தது இராசேந்திரனைப் பற்றி அல்ல. அவனுக்காக எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தோற்றவர்களுக்கு நீங்கள் எப்படித் திறன் எழுதுவீர்கள் என்பதே என் கேள்வி.

இந்தக் கேள்வி வந்தது போன மாரியில். மழை, வயலுக்குப் போகவில்லை. மருமகன் விறாந்தையில் இருந்து ஆடுகிறான். அம்மா பக்கத்தில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார். பொடியன் ஒரு நகரத்தைப் பிடித்துவிட்டான். திரையில் வழக்கமான கேள்வி வருகிறது.

“மாமா, வைச்சிருக்கவா, அழிக்கவா எண்டு கேக்குது.”

நான் பதில் சொல்வதற்கு முன் அம்மா கேட்டார்: “எந்த ஊரடா தம்பி?”

அவன் ஏதோ பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தான்.

“அங்க சனம் இருக்கோ?”

“இருக்கு அம்மம்மா. பதினொண்டு.”

“பதினொரு பேரோ. விட்டுவிடு ராசா.”

நகரத்தின் பருமனைக் காட்டுகிற எண்தான் அந்தப் பதினொன்று, அது ஆட்கள் இல்லை என்று அவன் விளக்கப் பார்த்தான். அம்மா சுளகைத் தட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை தரம் பெயர்ந்தவர் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவன் நகரத்தை வைத்துக்கொண்டான். அன்றைக்கு இரவு கொப்பியில் புதுப் பக்கம் திறந்தோம்.

அந்தப் பக்கத்தில் முதல் பெயர் எல்லாளன்.

சோழ நாட்டிலிருந்து வந்து அனுராதபுரத்தில் 44 ஆண்டு ஆண்டவன். அவனைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவன் பக்கத்து ஆட்கள் எழுதியது அல்ல. அவனைக் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவைக் காவிய நாயகனாக்கிய மகாவம்சம் என்ற பாளி நூல் எழுதியது. இவன் தவறான நம்பிக்கையைக் கைவிடாதவன் என்று குறை சொல்லிக்கொண்டே, இவனுடைய நீதியை அது வரிசையாகச் சொல்கிறது. படுக்கையின் தலைமாட்டில் மணி, மணியில் நீளக் கயிறு. தேரேறி வந்த மகன் கன்றைக் கொன்றான், பசு வந்து கயிற்றை இழுத்தது, மகனுக்கும் அதே சக்கரம். இந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். எனக்குப் பிடித்தது கிழவியின் கதை.

கிழவி ஒருத்தி அரிசியை வெயிலில் காயப் போட்டிருந்தாள். காலந்தப்பி மழை வந்து நனைத்துவிட்டது. அவள் நேரே போய் மணியை இழுத்தாள். மழை பெய்ததற்கு அரசன் மீது முறைப்பாடு! அரசனும் உனக்கு விசரா என்று கேட்கவில்லை. அரசன் முறையாக இருந்தால் மழையும் முறையாகப் பெய்ய வேண்டும் என்று நினைத்து, உண்ணாமல் கிடந்தான். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நடுச்சாமத்தில் மட்டும் மழை பெய்ததாம்.

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் தார் வீதியில் மாசி மாதத்தில் வந்து பாருங்கள். வீதியின் அரைவாசி நெல்தான். படங்கு விரித்துக் காயப் போட்டு, கால்களால் கிளறிக்கொண்டு, ஒரு கண் நெல்லிலும் ஒரு கண் வானத்திலும் வைத்துக்கொண்டு நிற்போம். ஒரு கருமேகம் வந்தால் போதும், படங்கைச் சுருட்ட வீதியில் போகிற மோட்டார் சைக்கிள்காரனும் இறங்கி ஓடிவருவான். கிழவியின் கதை எங்களுக்கு இரண்டாயிரம் ஆண்டுப் பழசு இல்லை.

ஆகவே எல்லாளனின் முதல் திறனுக்கு நடுச்சாம மழை என்று பெயர் வைத்தோம். ஆறாம் பாகத்தின் பிற்சேர்க்கையில் வெள்ளமும் புயலும் கொண்டுவந்தீர்கள். வெள்ளம் வயலை அழிக்கும், போகும்போது மண்ணை வளமாக்கியும் போகும். எல்லாளன் நாட்டில் வளம் மட்டும் சேரட்டும், அழிவு வேண்டாம். மணிக்கு ஒரு விலையும் வைத்தோம். எந்த நகரத்தில் சனம் மனம் குறைந்தாலும் அரசன் அந்த முறை வேறொன்றும் செய்ய முடியாது, முதலில் அதைத் தீர்க்க வேண்டும். மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. தலைவர் திறன் என்றால் தலைவருக்கு நல்லது செய்ய வேண்டாமா என்கிறான்.

இரண்டாவது திறன்தான் முக்கியம். அது எல்லாளன் தோற்ற பிறகு தொடங்குகிறது. அனுராதபுரத்தின் தெற்கு வாசலில் இரண்டு அரசரும் யானை மீதேறிப் பொருதினார்கள், எல்லாளன் விழுந்தான். துட்டகைமுனு ஊரைக் கூட்டி முறைப்படி எரியூட்டி, அந்த இடத்தில் நினைவிடம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்தினான். அந்த வழியே போகிற அரசர்கள் மேளதாளத்தை நிறுத்திவிட்டுப் போனார்கள் என்று மகாவம்சம் தன் காலம் வரைக்கும் சொல்கிறது. அப்படியென்றால் எல்லாளனின் தலைநகரைப் பிடிப்பவருக்கு ஒரு கடமை வரட்டும். நினைவிடத்தை வைத்திருந்தால் பிடித்தவரின் நகரங்களிலும் அமைதி கூடும். இடித்தால் ஒவ்வொரு நகரத்திலும் மனக்குறை. எல்லாளனை ஆடியவர் ஆட்டத்திலிருந்து போயிருப்பார், அவருடைய திறன் மட்டும் கடைசி முறை வரைக்கும் எதிராளியின் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஆட்டத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா? நான் பார்த்த அளவில், அழிந்த அரசின் பெயர் மேல்வரிசையிலிருந்து மறைவதோடு சரி.

துட்டகைமுனுவையும் சேருங்கள். இரண்டு பேரும் ஒருவர் இல்லாமல் மற்றவர் புரியமாட்டார். அசோகரை உலகை வென்றவர், உலகைத் துறந்தவர் என்று இரண்டு வடிவில் கொடுத்தீர்கள் அல்லவா, அந்தக் கைவேலை தெரிந்தவர்களுக்கு இது கடினம் இல்லை. வன்னியில் வவுனிக்குளத்தை எல்லாளன் கட்டினான் என்றொரு மரபு உண்டு. அங்கே இன்றைக்கும் வான் பாய்கிறதைப் பார்க்கச் சனம் போகும்.

அடுத்த பெயர் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். வன்னியை ஆண்ட குறுநிலத் தலைவன் பண்டாரவன்னியன்.

1803 ஓகஸ்ட் 25. முல்லைத்தீவில் இருந்த ஆங்கிலேயரின் நிலையத்தைத் தாக்கிப் பிடித்தான். அங்கே இருந்த அவர்களின் படை அதிகாரி வொன் டிரிபேர்க் படகேறி யாழ்ப்பாணத்துக்குத் தப்பினார். அதே ஆண்டு ஒக்டோபர் 31, டிரிபேர்க் மன்னாரிலிருந்து படையோடு திரும்பி வந்து கற்சிலைமடுவில் வன்னியனைத் தோற்கடித்தார். இடையில் 67 நாள். அன்றைக்கே இறந்தானா, பிறகும் சில ஆண்டு காட்டில் இருந்து சண்டை பிடித்தானா என்பதில் இங்கேயே இரண்டு கதை உண்டு. காக்கைவன்னியன் என்ற இன்னொரு வன்னித் தலைவன் காட்டிக்கொடுத்தான் என்பது கூத்திலும் நாடகத்திலும் உரம் பெற்ற கதை. துரோகிக்கு ஒரு உளவுத்திறன் வேண்டும் என்று மருமகன் நிற்கிறான். நான் அதை ஆட்டத்துக்குள் ஒரு தற்செயல் நிகழ்வாக வைக்கலாம் என்று மட்டும் இறங்கி வந்தேன்.

வன்னியனுக்கு என்ன திறன்? காடு என்று உடனே சொல்வீர்கள். மரங்களுக்குள்ளால் படை தடையின்றி நகரும், அவன்மீது போர் தொடுப்பவருக்குச் சொந்தச் சனத்தின் ஆதரவு குறையும். நான் இப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகு பார்த்தால் கிட்டத்தட்ட இதே திறனை ஏழாம் பாகத்தில் ஹரியட் டப்மனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கொஞ்சம் ஏமாற்றம், கொஞ்சம் சந்தோஷம். அடிமைத்தளையிலிருந்து ஆட்களை இரவில் காட்டுவழியே கூட்டிப்போன அந்த அம்மாவும் எங்கள் வன்னியனும் ஒரே பாதையைப் பிடித்திருக்கிறார்கள்.

அப்படியானால் வேறு என்ன? வன்னியை ஆண்ட தலைவர்களான வன்னியர் டச்சுக்காரருக்கு யானைகளைத் திறையாகக் கட்டியவர்கள். கட்டினார்கள் என்பதைவிட, கட்டுவதாகச் சொல்லிப் பாக்கி வைத்தார்கள் என்பது பொருத்தம். இதையே ஒரு திறனாக்கலாம்: பெரிய அரசு திறை கேட்டால் ஒப்புக்கொண்டு, பத்து முறைக்குக் கொடுக்காமல் இருக்கலாம், போர் வராது. சிரிக்காதீர்கள், சின்ன அரசுகள் பிழைத்தது இப்படித்தான். அப்புறம் கடைசியாக எழுந்தவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. டச்சுக்காரரோடு பொருதிய வன்னிச்சி ஒருத்தி கொழும்பில் சிறை வைக்கப்பட்டதை எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி எழுதிவைத்திருக்கிறார். அவரை முழுத் தலைவராக்க எங்களிடம் விவரம் போதாது. ஒரு தளபதியாகவாவது வரலாம்.

ஆனால் வன்னியனின் உண்மையான திறன் அந்தக் கல்லில் இருக்கிறது. கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல். கப்டன் வொன் டிரிபேர்க் இவ்விடத்தருகே பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 31 ஒக்டோபர் 1803 என்று ஆங்கிலத்தில் வாசகம். பெருமை தோற்கடித்தவருக்கு. ஆனால் இங்கே எந்தச் சனம் வொன் டிரிபேர்க்கைப் பார்க்க வருகிறது? எட்டாம் வகுப்பில் எங்களை வரிசையாக நடத்திக் கூட்டிவந்தார்கள், வெயில், தாகம். யாரோ ஒருத்தன் வாசகத்தைத் தமிழில் சொல்லச் சொல்ல, டிரிபேர்க் என்ற பெயரில் நாக்குத் தடக்கி எல்லாரும் சிரித்தோம். வன்னியன் பெயரில் ஒருவருக்கும் நாக்குத் தடக்கவில்லை. எல்லாளன் எதிரியின் ஏட்டில் நின்றான், இவன் எதிரியின் கல்லில் நிற்கிறான்.

கொப்பியில் இருப்பதை அப்படியே தருகிறேன்: பண்டாரவன்னியன் தோற்ற கட்டத்தில் வென்றவர் பெயரில் ஒரு கல் தானாக முளைக்கும். நிலம் வென்றவருக்கு. அந்தக் கல்லால் வரும் பண்பாட்டுப் புள்ளி முழுவதும் தோற்றவருக்கு. வென்றவர் கல்லை அகற்றலாம், அகற்றினால் புள்ளி இரட்டிக்கும்.

இதற்கு மட்டும் மருமகன் மறுபேச்சில்லாமல் சரி என்றான்.

வேறு சில பெயர்களும் உண்டு, விரைவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கும் இப்னு பதூதா 1344இல் இங்கே வந்து, புத்தளத்தில் யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்து முத்துகள் பரிசு பெற்றவர். ஆரியச் சக்கரவர்த்தி ஆட்டத்துக்கு வந்தால் இவர்கள் இருவரும் முதல் சந்திப்பிலேயே நண்பர்களாக இருக்க வேண்டும், அதற்குத் தனிக் காட்சியும் வேண்டும். பொலன்னறுவை அரசர் பராக்கிரமபாகுவுக்கு, ஒரு துளி மழையும் பயன்படாமல் கடலில் சேரக்கூடாது என்ற அவருடைய சொல்லே திறன். உங்களுக்கு வேலையே இல்லை.

திறனை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்று நினைப்பீர்கள். நீங்கள் ஒருவருக்கு ஒட்டுகிற குணம் உலகம் முழுக்கப் பரவி, அப்படியே நிலைத்துவிடும். 1991இல் வந்த முதல் ஆட்டத்தில் ஒரு கணக்குப் பிழையால் காந்தி அணுகுண்டு போடுகிறவர் ஆனார் என்ற கதை எங்கள் கொட்டில் வரைக்கும் வந்தது. அப்படிப் பிழையே இருக்கவில்லை என்று ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயரே சொல்லிவிட்டார். யார் கேட்டார்கள்? பொடியன்களுக்குக் காந்தி என்றால் இன்றைக்கும் குண்டுதான்.

2018இல் கனடாவின் கிரீ மக்களுடைய பழைய தலைவர் பவுண்ட்மேக்கரைச் சேர்த்தபோது, அந்த மக்களின் இன்றைய தலைவர் ஒருவர் வருத்தப்பட்டார். மற்றவர் நிலத்தைப் பிடித்துப் பரவுவது எங்கள் பண்பாடு என்று காட்டுகிறீர்களே என்றார். அதற்கு முன் புவெப்லோ மக்களின் பொப்பேயைச் சேர்க்க நினைத்து, அந்த மக்களின் பெரியவர்கள் விரும்பாததால் விட்டுவிட்டீர்கள். ஏழாம் பாகத்தில் டெகும்சேவுக்காக ஷாவ்னி மக்களோடு கூட இருந்து வேலை செய்து, அவர்கள் மொழியிலேயே அவரைப் பேசவைத்தீர்கள். கேட்டுச் செய்யத் தெரிந்தவர்கள் என்பதால்தான் இந்த மடல்.

வருவதாக இருந்தால் மாசியில் வேண்டாம், ஒருவருக்கும் பேச நேரம் இராது. வைகாசியில் வாருங்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிப்பார்கள், அதைப் பார்த்த பிறகு உங்கள் அதிசயங்களின் பட்டியலை இன்னொருமுறை யோசிக்கலாம். குரல் பதிய ஆள் வேண்டுமென்றால் கூத்தாடுகிற அண்ணாவிமார் இருக்கிறார்கள். வன்னியனாக அவர்கள் பேசினால் உங்கள் ஒலிவாங்கி தாங்காது. வன்னியனுக்கு மெல்லிய கரகரக் குரல் போட்டு, ‘ஓ அந்நியனே’ என்று மட்டும் தொடங்கவைக்காதீர்கள், கும்பிட்டுக் கேட்கிறேன்.

கொப்பியின் பக்கங்களைப் படமெடுத்து இதோடு அனுப்புகிறேன். நடுவில் வரும் பின்னக் கணக்குகளைப் பொருட்படுத்த வேண்டாம். அவை பிழை என்று ஆசிரியரே கோடு போட்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு கமக்காரன்

பி.கு.: மடலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் சரியாம். வன்னியனுக்கு யானைப்படை மட்டும் கொடுக்க வேண்டாம், வயலை உழக்கிப்போடும் என்று எழுதச் சொன்னார்.